ஒரு ஆல்பம், ரெண்டு தொண்டை

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் போனில் சிக்னல் ஒவ்வொரு கட்டமாகச் செத்துப்போகும். கல்வராயன் மலைக்குப் போய் வந்தவர்களுக்கு இது தெரியும். பாட்டு வேண்டுமென்றால் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். போன முறை ஊருக்குப் போனபோது அண்ணன் பையனைக் கூட்டிக்கொண்டு வெள்ளிமலை வரை போனேன். இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறான். மூணாவது வளைவிலேயே அவன் கேட்டுக்கொண்டிருந்த ஸ்லீப் டோக்கன் அறுந்துபோனது. என் போனில் இருந்ததோ ஒரே ஒரு ஆல்பம். கில்ஸ்விட்ச் என்கேஜ் குழுவின் 'தி எண்ட் ஆஃப் ஹார்ட்எய்க்'. 2004 மே மாதம் வந்தது. இவன் அப்போது பிறக்கவே இல்லை.

ரெண்டு பாட்டு கேட்டுவிட்டு, "சித்தப்பா, இதுல ரெண்டு பேரு பாடுறாங்களா?" என்றான்.

"இல்லடா, ஒரே ஆளுதான். பின்னாடி சேர்ந்து பாடுறது மட்டும் கிட்டார்காரர்."

"கத்துறதும் இவருதான், பாடுறதும் இவருதானா?"

"ஆமா."

"பரவால்லயே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இந்தப் 'பரவால்லயே'தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. ஏனென்றால் 2004ல் இதே ஆல்பத்தை முதல்முறை கேட்டபோது நான் அப்படிச் சொல்லவில்லை. சொன்னது வேறு. அதைப் பற்றிப் பிறகு.

மெட்டல்கோர் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு பாரா. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பக்கத்தில் தொண்ணூறுகளில் ஹார்ட்கோர் பங்க் கேட்டு வளர்ந்த பையன்கள், கூடவே ஸ்வீடன்காரர்களின் மெலடிக் டெத் மெட்டலையும் கேட்டார்கள். அட் தி கேட்ஸ் குழுவின் 'ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்' (1995), இன் ஃப்ளேம்ஸ் குழுவின் 'தி ஜெஸ்டர் ரேஸ்' (1996) மாதிரியான ஆல்பங்கள். அங்கிருந்து ரெண்டு கிட்டாரும் ஜோடியாக ஓடுகிற மெட்டை எடுத்துக்கொண்டார்கள். ஹார்ட்கோரில் இருந்து பிரேக்டவுன் என்ற சங்கதியை வைத்துக்கொண்டார்கள். அதாவது, வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று பாதி வேகத்துக்கு இறங்கி, கனமாக, அடி அடியாக விழும் இடம். கூட்டம் முழுக்க அந்த இடத்துக்காகத்தான் காத்திருக்கும். இதோடு, சரணத்தில் கத்தல், பல்லவியில் தெளிவான பாட்டு என்ற ஏற்பாடும் சேர்ந்ததும் மெலடிக் மெட்டல்கோர் தயார். கில்ஸ்விட்ச் என்கேஜ் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பின்னால் வந்த அத்தனை பேரும் எடுத்துக்கொண்ட அச்சு இவர்களுடையதுதான்.

இப்போது தகராறுக்கு வருவோம். 2002ல் வந்த இவர்களின் 'அலைவ் ஆர் ஜஸ்ட் ப்ரீதிங்' ஆல்பத்தில் பாடியவர் ஜெஸ்ஸி லீச். ஆல்பம் வந்து கொஞ்ச நாளிலேயே, குழுவுக்கு ஒரு ஈமெயில் அனுப்பிவிட்டு விலகிவிட்டார். நேரில் சொல்லவில்லை. அவர் இடத்துக்கு ஹோவர்ட் ஜோன்ஸ் வந்தார். ஏற்கனவே ப்ளட் ஹேஸ் பீன் ஷெட் என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். அதே குழுவில் இருந்து ஜஸ்டின் ஃபோலி டிரம்ஸுக்கு வந்தார். முந்தைய ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த ஆடம் டுட்கியவிட்ஸ் அதற்கு முன்பே கிட்டாருக்கு மாறியிருந்தார். இந்தப் புது அணியின் முதல் ஆல்பம்தான் 'தி எண்ட் ஆஃப் ஹார்ட்எய்க்'. பில்போர்டு 200 பட்டியலில் 21ஆம் இடம் வரை போனது. தலைப்புப் பாட்டு கிராமி பரிந்துரைக்குப் போய், மோட்டர்ஹெட்டிடம் தோற்றது. 2007ல் அமெரிக்காவில் தங்கத் தட்டு. இந்த ரகத்துக்கு அதெல்லாம் பெரிய விஷயம்.

கேட்பவர்கள் ரெண்டாகப் பிரிந்தார்கள். இருபது வருஷம் ஆகியும் சேரவில்லை. ஒரு கட்சி: ஜெஸ்ஸி இருந்தபோது உயிர் இருந்தது, ஹோவர்ட் வந்து மெழுகு பூசிவிட்டார். எதிர்க்கட்சி: ஹோவர்ட்தான் குரல், அந்த முதல் ஆள் ஒத்திகை.

நான் முதல் கட்சி. 2003ல் பிஇ முடித்துவிட்டு பெங்களூரு பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜியில் இருந்தேன். ஒரு ரூமில் மூணு பேர், ஒரு கம்ப்யூட்டர், யாருடைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தோ காப்பியான பாட்டுகள். ஜெஸ்ஸியின் ஆல்பம் எனக்கு மனப்பாடம். புதுசு வந்ததும் ராத்திரி முழுக்க ரூம்மேட்டோடு சண்டை. அவன் திருக்கோவிலூர் பக்கம், ஹோவர்ட் கட்சி. என் வாதம் மூணு. சாஃப்ட் ஆகிவிட்டார்கள். ரேடியோவுக்காகப் பண்ணுகிறார்கள். பழைய ஆள் மாதிரி வராது.

இருபது வருஷம் கழித்து, தொழில் பழக்கத்தில், இந்த மூணையும் ஒவ்வொன்றாக எடுத்து உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். ரெண்டு ஆல்பத்தையும் மாத்தி மாத்திக் கேட்பது, எங்கெங்கே தெளிவான குரல் வருகிறது என்று நோட்டில் குறிப்பது. அவ்வளவுதான் ஆராய்ச்சி. (வீட்டில் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.)

சாஃப்ட் ஆகிவிட்டார்கள் என்பது முதலிலேயே விழுந்தது. 2002 ஆல்பத்தின் 'மை லாஸ்ட் செரனேட்' பாட்டில் பல்லவி தெளிவான குரலில்தான் இருக்கிறது, அதுவும் நல்ல மெட்டோடு. 'தி எலிமென்ட் ஆஃப் ஒன்' அதைவிட மென்மை. அப்படியென்றால் மென்மை ஹோவர்ட் கொண்டுவந்த சரக்கு இல்லை. மெட்டை எழுதுகிற ஆட்கள் மாறவேயில்லையே! ஆடம் டுட்கியவிட்ஸ் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர், ரெண்டு ஆல்பத்தையும் தயாரித்தவரும் அவர்தான். மாறியது குரலின் உடம்பு. ஜெஸ்ஸி பாடும்போது சுரம் எட்டுமா எட்டாதா என்ற பயம் கேட்பவனுக்கே வரும். ஹோவர்டுக்கு அந்தப் பயமே இல்லை. அடிவயிற்றில் இருந்து அகலமாக வருகிற குரல். அதனால் அதே பல்லவி பெரிதாகத் தெரிகிறது. பெரிதாகத் தெரிவதைத்தான் நான் சாஃப்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரேடியோவுக்காக என்பது ஒரு நோக்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டு. அதைப் பாட்டைக் கேட்டு நிரூபிக்க முடியாது. ஹோவர்ட் குரலில் முதலில் வெளிவந்தது 'வென் டார்க்னெஸ் ஃபால்ஸ்', 2003ல் 'ஃப்ரெடி வெர்சஸ் ஜேசன்' பேய்ப் படத்துக்காக. அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு ரேடியோ என்று சொல்கிறவருக்கு அவர் ஊர் ரேடியோவை எனக்கு அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள்.

மூணாவதுதான் சுவாரசியம். பழைய ஆள் மாதிரி வராது. இதை நான் மெட்டல் கேட்பதற்கு ரொம்ப முன்னாடியே கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து. துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் மாறிவிட்டால் போதும், மறுநாள் டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது. திரைக்குப் பின்னால் இருந்து குரல் கொடுக்கும்போதே பிடிக்கிறதா இல்லையா என்று பெரியவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். "அவரு குரலு குடுத்தா கொழந்த அழும்யா, இவரு குரலுக்குக் கொழந்த தூங்குது" என்று ஒரு தாத்தா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்குப் பத்து வயசு இருக்கும். என்ன வேடிக்கை என்றால், நான் பார்த்த முதல் துரியோதனன் அந்தப் புது ஆள்தான். எனக்கு அவரைத் தவிர யாரும் துரியோதனன் இல்லை. பதினைந்து வருஷம் கழித்து அவருக்குப் பதில் இன்னொருவர் வந்தபோது, தாத்தா சொன்னதை நான் சொன்னேன்.

கூத்துக்காரரின் தொண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை. உச்ச சுருதியில் பாட்டு, பாட்டு முடிந்ததும் வசனம், வசனத்தில் இரைச்சல், திரும்ப அதே சுருதியில் பாட்டு. மத்தளத்துக்கும் முகவீணைக்கும் மேலே குரல் நிற்க வேண்டும். கத்துவதும் பாடுவதும் ஒரே ஆளா என்று யாரும் அங்கே ஆச்சரியப்படுவதில்லை. மாறாக, பாட மட்டும் தெரிந்தவரை வேஷம் கட்ட விட மாட்டார்கள். மெட்டல்கோரில் தெளிவான குரல் வந்தால் கற்பு போய்விட்டது என்று பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும். ரெண்டும் ஒரே தொண்டையில் இருக்க முடியாது என்று யார் சொன்னது? கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ராத்திரி தாலி கட்டிக் கும்மி, விடிந்தால் அரவான் பலி, வளையல் உடைப்பு, ஒப்பாரி. ராத்திரி பாடிய அதே குரல்கள்தான் காலையில் அழுகின்றன. அந்தத் திருப்பத்துக்குத்தான் ஜனம் வருகிறது. 'தி எண்ட் ஆஃப் ஹார்ட்எய்க்' தலைப்புப் பாட்டில் மெல்லிய கிட்டாரில் ஆரம்பித்து, கனம் ஏறி, கத்தல் பல்லவியாகத் திரும்புகிற இடம் எனக்கு இப்போது இந்த மண்ணின் வழியாகத்தான் புரிகிறது. ரெண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. காது பழகிய வழியைச் சொல்கிறேன்.

இந்தச் சண்டை ஒரு குழுவோடு நிற்பதில்லை. ஓபெத் குழு 2009ல் சென்னை ஐஐடி சாரங் விழாவுக்கு வந்து வாசித்தார்கள். ரெண்டு வருஷத்தில், 2011ல், 'ஹெரிடேஜ்' ஆல்பத்தில் உறுமலையே விட்டுவிட்டார்கள். சாரங்குக்குப் போன என் நண்பர்கள் துரோகம் என்றார்கள். 2024ல் உறுமல் திரும்ப வந்தபோது, அதே நண்பர்களில் ஒருவர் "இனிமே எதுக்கு?" என்றார். இப்போது அண்ணன் பையன் கேட்கும் ஸ்லீப் டோக்கன். போன வருஷமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன், 2025 மே மாதம் வந்த அவர்கள் ஆல்பம் பில்போர்டில் முதல் இடம். அவனுடைய ஹாஸ்டலில் அது மெட்டலா இல்லையா என்று ராத்திரி ரெண்டு மணி வரை பேசுகிறார்களாம். பேசட்டும்.

இனி நான் 2004ல் சொன்னது. பிஜி ரூமில் சண்டை முற்றிய ஒரு ராத்திரி, ரூம்மேட் கேட்டான், "உங்க ஆளு அவ்வளவு பெரிய ஆளுன்னா எதுக்குடா பாதியில போனான்?" பதில் இல்லாததால் கட்சி மாறி என் ஆளையே திட்டினேன். "அவன் ஓடிப்போனவன்டா. நேர்ல சொல்லத் தைரியம் இல்லாம மெயில் போட்டுட்டு ஓடினவன்." பிறகு பல வருஷம், அந்த ஆல்பத்தைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இந்த வரியைச் சேர்த்துக்கொள்வேன். நல்லா எடுபடும். ஜெஸ்ஸியின் பாட்டுகள் நம்பிக்கையைப் பற்றியவை, விழுந்தால் எழு என்பவை. அப்படிப் பாடியவனே ஓடிவிட்டான் என்றால் சிரிப்புதானே.

2011ல் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ப்ராஜெக்ட். பெயர் வேண்டாம். எட்டு மாசம் தூக்கம் சரியில்லை. காலையில் பல் தேய்க்கும்போது காரணமே இல்லாமல் அழுகை வரும். டீமில் பதினோரு பேர், எல்லாரும் நல்லவர்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு வரியில் மெயில் அடித்து மேனேஜருக்கு அனுப்பிவிட்டு, போனை அணைத்துவிட்டு, மெஜஸ்டிக்கில் பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்தார்.

ரெண்டு மாசம் கழித்து, மருந்து பிடித்துக் கொஞ்சம் தெளிந்த பிறகு, ஜெஸ்ஸி ஏன் போனார் என்று தேடிப் படித்தேன். மன அழுத்தம். கூடவே தொண்டை. கத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்மடிப்புகளை அதிரவிட்டு, மூச்சை அளவாக விட வேண்டும். மெலிசா க்ராஸ் என்ற ஆசிரியை இதற்காகவே 2005ல் 'தி ஜென் ஆஃப் ஸ்க்ரீமிங்' என்று டிவிடி போட்டார். 2002ல் வேனில் ஊர் ஊராகப் போன பையன்களுக்கு இந்த வித்தை யார் சொல்லித்தந்தார்கள்? தொண்டையை ராத்திரிக்கு ராத்திரி கிழித்துக்கொண்டு, மறுநாள் அதே கிழிந்த தொண்டையில் பாடுவது. என்னுடைய நாலு வரி மெயிலை நினைத்துக்கொண்டேன். அவருடைய மெயிலில் எத்தனை வரி இருந்திருக்கும்?

அத்தோடு முடியவில்லை. ஹோவர்டும் 2012 ஜனவரியில் விலகினார். அவருக்கு ரெண்டாம் வகை சர்க்கரை நோய், அதைக் கட்டுப்படுத்திக்கொண்டு பயணம் போக முடியவில்லை. ரெண்டு கட்சியும் எந்த ரெண்டு குரலுக்காக அடித்துக்கொண்டதோ, அந்த ரெண்டு பேரும் உடம்பு முடியாமல்தான் இறங்கினார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பே ஜெஸ்ஸியும் ஆடமும் சேர்ந்து டைம்ஸ் ஆஃப் கிரேஸ் என்ற பெயரில் ஆல்பம் போட்டிருந்தார்கள். 2007ல் பயணத்தின் நடுவில் முதுகு அறுவை சிகிச்சை நடந்து, இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஆடம் மனசுக்குள் போட்ட மெட்டுகள் அவை. பாட அவர் கூப்பிட்டது, மெயில் போட்டுவிட்டுப் போன அதே ஆளை. குழுவுக்குள்ளேயே அந்த வழக்கு முடிந்துவிட்டது. வெளியே நாங்கள்தான் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தோம். 2012ல் ஜெஸ்ஸி குழுவுக்கே திரும்பினார், ஹோவர்டின் பாட்டுகளையும் மேடையில் பாடினார். 2019ல் 'அடோன்மென்ட்' ஆல்பத்தில் 'தி சிக்னல் ஃபயர்' பாட்டில் ரெண்டு பேரும் சேர்ந்தே பாடியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருஷம் ஜெஸ்ஸிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அந்தப் பாட்டு பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரெண்டு குரலும் மாறி மாறி வரும் இடத்தில் எந்தக் கட்சிக்காரனும் வாயைத் திறக்க முடியாது.

சரி, ஆல்பம் எப்படி? இவ்வளவு சொல்லிவிட்டு அதைச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவீர்கள்.

'எ பிட் ஃபேர்வெல்' நல்ல ஆரம்பம். 'ரோஸ் ஆஃப் ஷாரின்' இந்த ஆல்பத்தின் உச்சம் என்பது என் கட்சி. வேகமும் மெட்டும் ஒன்றை ஒன்று இடறாமல் ஓடுகிறது, பல்லவி வரும்போது மலை வளைவு திரும்பியதும் பள்ளத்தாக்கு தெரிகிற மாதிரி. தலைப்புப் பாட்டு அதற்கு அடுத்தது. அதை முதல் என்று சொல்கிறவர்களோடு சண்டை போட மாட்டேன், வயசாகிவிட்டது. ஜஸ்டின் ஃபோலியின் டிரம்ஸ் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. முந்தைய ஆல்பத்தைவிட இதில் பாட்டுக்கு முதுகெலும்பு நேராக நிற்பதற்கு அவர் கை பெரிய காரணம். நடுவில் வரும் 'இன்ஹேல்', 'அண்ட் எம்பர்ஸ் ரைஸ்' ரெண்டும் குரலே இல்லாத சின்ன இசைத் துண்டுகள். தாண்டிப் போகிறவர்கள் அதிகம், நான் தாண்டுவதில்லை. 'ப்ரீத் லைஃப்' எனக்கு ஒட்டவில்லை. அன்றும் ஒட்டவில்லை, இன்றும் இல்லை.

வார்த்தைகள்தான் பலவீனம். இருள், ஒளி, காயம், மன்னிப்பு என்று எல்லாம் பொதுச்சொற்கள். ஒரு தெருப் பெயர் கிடையாது, ஒரு ஆள் பெயர் கிடையாது. எந்தத் துக்கத்துக்கும் பொருந்தும், அதனால் எந்தத் துக்கத்துக்கும் சொந்தமில்லை. ஒப்பாரியில் செத்தவன் மாடு வாங்கின சந்தை வரைக்கும் வரும். அதற்குப் பழகியவனுக்கு இது குறையாகத்தான் தெரியும். ஆனால் குரலின் கனம் அந்தப் பொதுச்சொற்களையும் கொஞ்ச தூரம் சுமந்து போய்விடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிமலையில் டீ குடித்துவிட்டு இறங்கும்போது ஆல்பம் ரெண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் பையன் சொன்னான், "நல்லாத்தான் இருக்கு சித்தப்பா. ஆனா எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரி இருக்கு. கத்துவாரு, பாடுவாரு, அப்புறம் மெதுவா டம்மு டம்முன்னு அடிப்பாங்க, திரும்பப் பாடுவாரு."

இருபது வருஷமாக ரெண்டு கட்சியும் சேர்ந்து சொல்லத் தவறிய விமர்சனம் இது. யார் பாடுகிறார் என்ற சண்டையில் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதை யாரும் பார்க்கவில்லை. கத்தல், பாட்டு, பிரேக்டவுன், பாட்டு. முந்தைய ஆல்பத்தில் இந்த அச்சு இன்னும் இறுகவில்லை, ஆங்காங்கே பிசிறு இருக்கும். இந்த ஆல்பத்தில் இறுகிவிட்டது. பிறகு ரெண்டு மூணு வருஷத்துக்குள் இந்த ரகத்தில் வந்த ஆல்பம் எதை எடுத்தாலும் எந்த நிமிஷத்தில் பல்லவி வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தது. அந்தப் பழியில் ஒரு பங்கு இதற்கு உண்டு. நான் ஜெஸ்ஸி ஆல்பத்தில் உயிர் இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒருவேளை அந்தப் பிசிறைத்தானோ என்னவோ. அப்போது அதைச் சொல்லத் தெரியவில்லை, பாடகர் மேல் போட்டுவிட்டேன்.

திருக்கோவிலூர் நண்பன் இப்போது வேறு நாட்டில் இருக்கிறான். 2011ல் நான் ஊருக்கு ஓடிவந்தபோது முதலில் போன் பண்ணியது அவன்தான். வீட்டு லேண்ட்லைனுக்கு. என் பழைய வரியை அவன் எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. போன வாரம் அவனுக்கு 'தி சிக்னல் ஃபயர்' லிங்க்கை அனுப்பி, "கேட்டுட்டுச் சொல்லு" என்று மட்டும் எழுதினேன்.

"ஹோவர்ட் வர்ற எடம்தான் நல்லாருக்கு" என்று பதில் வந்தது.

இல்லை, ஜெஸ்ஸி வருகிற இடம்தான். இன்று ராத்திரி போன் பண்ணிச் சொல்ல வேண்டும்.